மசோதாவைக் கைவிட்ட பிறகும் கென்யாவில் ஏன் போராட்டம் ஓயவில்லை?

கதிரவன் கேட்டது:

2024 ஜூனிலிருந்து கென்யா செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். வரியை உயர்த்தும் நிதி மசோதாவுக்கு எதிராக இளைஞர்கள் திரண்டார்கள், ஜூன் 25 அன்று நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள், போலீஸ் சுட்டது, மறுநாளே அதிபர் வில்லியம் ரூட்டோ அந்த மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். இதுவரைக்கும் புரிகிறது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கப்புறமும் ஜூலை, ஆகஸ்ட் என்று போராட்டம் நீண்டது, 2025 ஜூன் ஜூலையில் மறுபடியும் வெடித்து இன்னும் பல பேர் செத்தார்கள். வரி போன பிறகு எதற்காகத் தெருவுக்கு வருகிறார்கள்?

எனக்கு இரண்டு சந்தேகம். எதிர்க்கட்சிகள் பின்னாலிருந்து தூண்டிவிடுகின்றன என்று அரசு சொல்கிறதே, அதில் உண்மை இருக்கிறதா? அப்புறம், கென்யாவின் 2010 அரசியல் சட்டத்தை மிகவும் முற்போக்கானது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அப்படிப்பட்ட சட்டம் உள்ள நாட்டில் போலீஸால் எப்படி இவ்வளவு சுலபமாகச் சுட முடிகிறது, சுட்டவர் எப்படி அடுத்த நாளும் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறது? அங்கே இருப்பவர்களோ சட்டம் தெரிந்தவர்களோ கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

நந்தினி, நைரோபி:

கதிரவன், நான் இங்கே கணக்கு வேலை பார்க்கிறேன், அதனால் வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வரி போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதே சரியில்லை. 2024 மசோதா போனது உண்மை. அதன் மூலம் கூடுதலாகச் சுமார் 34,600 கோடி ஷில்லிங் திரட்ட நினைத்தார்கள். ரொட்டிக்கு 16% வாட், சமையல் எண்ணெய்க்கு 25% கலால், கார் வைத்திருந்தால் அதன் மதிப்பில் வருஷத்துக்கு 2.5%, இப்படிப் போனது அந்தப் பட்டியல். இதில் ரொட்டி, எண்ணெய், கார் மூன்றையும் ஜூன் 18 அன்றே, அதாவது முதல் ஊர்வலம் நடந்த அன்றே, எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மக்களின் மனசில் இருந்தது அந்த ஒரு மசோதா மட்டும் கிடையாது. 2023 நிதிச் சட்டம் பெட்ரோல் டீசல் மீதான வாட்டை 8%-லிருந்து 16% ஆக்கியிருந்தது, சம்பளத்தில் 1.5% வீட்டுவசதி வரி என்று பிடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த வீட்டுவசதி வரி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், 2024 மார்ச்சில் புதிதாக ஒரு சட்டம் போட்டு அதையே தொடர்ந்தார்கள். 2024 அக்டோபரிலிருந்து சுகாதாரக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 2.75% பிடிக்கிறார்கள். டிசம்பரில் வரிச் சட்டத் திருத்தம் என்று ஒன்று வந்தது, தூக்கிப்போட்ட மசோதாவிலிருந்த சில விஷயங்கள் அதில் திரும்பி வந்துவிட்டன. மாதச் சம்பளக்காரரின் சீட்டை எடுத்துப் பார்த்தால் பிடித்தம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை, நான் தினமும் போடும் கணக்கு இதுதான்.

வரி கட்டுவதே தப்பு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வாங்குகிற வரி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. 100 ஷில்லிங் வரி வந்தால் அதில் 61 ஷில்லிங் கடனுக்குப் போகிறது என்று ரூட்டோவே சொன்னார். அந்தக் கடனில் மொம்பாசா நைரோபி ரயில் பாதை இருக்கிறது, டாலர் கடன் பத்திரங்கள் இருக்கின்றன, எங்கே போனது என்று தணிக்கையில் சரியாகக் காட்டப்படாத பணமும் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான கடன் ரூட்டோ பதவிக்கு வரும் முன்பே வாங்கியது, அதையும் சொல்ல வேண்டும் (முந்தைய ஆட்சியில் துணை அதிபராக இருந்தவரும் அவர்தான்). ஆனால் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே 2023-ல் அமைச்சகங்களுக்குக் கூடுதலாக 50 நிர்வாகச் செயலாளர்களை நியமித்தார்கள், நீதிமன்றம்தான் தடுத்தது. 2024 மே மாதம் அமெரிக்கப் பயணத்துக்கு வாடகைக்கு ஒரு சொகுசு விமானம். அதிபரின் மனைவிக்கும் துணை அதிபரின் மனைவிக்கும் தனித்தனியாக அலுவலகச் செலவு. போராட்டத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் இந்த அலுவலகங்களுக்கான ஒதுக்கீட்டை நீக்குவதாகவும், 47 அரசு நிறுவனங்களைக் கலைப்பதாகவும் அறிவித்தார்கள். அப்படியானால் அதையெல்லாம் ரொட்டியில் கை வைக்கும் முன்பே செய்திருக்கலாமே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

2022 தேர்தலில் இவர் யாருக்காக நிற்பதாகச் சொன்னார் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றாடங்காய்ச்சிகளின் வேட்பாளர் நான் என்று சொல்லி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார். அவருக்கு ஓட்டுப் போட்ட பகுதிகளிலும், அவர் சொந்தப் பகுதியான எல்டோரெட்டிலும்கூட ஜூன் 25 அன்று ஊர்வலம் நடந்தது. இங்கே அரசியல் என்றாலே எந்த இனம் எந்தத் தலைவர் பின்னால் என்ற கணக்குத்தான் பல காலமாக. அந்தக் கணக்கே போராட வந்த இந்த இளம் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. மசோதாவை ஸ்வாஹிலியிலும் மற்ற உள்ளூர் மொழிகளிலும் சைகை மொழியிலும் டிக்டாக்கில் பிரித்துப் பிரித்து விளக்கினார்கள், எம்.பி.க்களின் போன் நம்பரைப் பகிர்ந்து ஓட்டு எப்படிப் போடப் போகிறாய் என்று கேட்டுக் குறுஞ்செய்தியாக அனுப்பிக் குவித்தார்கள். அப்படியும் ஜூன் 25 அன்று 195-க்கு 106 என்று மசோதா நிறைவேறியது. அதற்கப்புறம்தான் நாடாளுமன்ற வேலி சாய்ந்தது.

முருகேசன்:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாடாளுமன்றத்தின் ஒரு பகுதிக்குத் தீ வைத்தால் எந்த நாட்டுப் போலீஸ் சும்மா நிற்கும்? 2025-ல் சூப்பர் மார்க்கெட்டுகள், சின்னக் கடைகள், காவல் நிலையங்கள், நீதிமன்றம்கூடத் தாக்கப்பட்டன. கடையைப் பறிகொடுத்தவரும் ஏழைதான், அவருக்கு எந்த ஹேஷ்டேக்கும் கிடையாது. போலீஸ்காரர்களும் நூற்றுக்கணக்கில் அடிபட்டிருக்கிறார்கள். தலைவர் இல்லாத போராட்டம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், தலைவர் இல்லை என்றால் கலவரம் வரும்போது நிறுத்துங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை, அரசு பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடும்? கடனையும் கட்டித்தானே ஆக வேண்டும். கட்டாமல் விட்டால் ஷில்லிங் சரியும், விலைவாசி ஏறும், அப்போதும் அடிபடப்போவது இதே ஜனங்கள்தான்.

இளங்கோவன்:

கதிரவனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், போகிற வழியில் முருகேசன் அண்ணனுக்கும் பதில் கிடைக்கும்.

கென்ய அரசியல் சட்டத்தின் 37-வது பிரிவு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடவும், ஊர்வலம் போகவும், மறியல் செய்யவும், அரசிடம் மனு கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும். போலீஸின் தவறுகளை விசாரிக்க 2011-ல் சட்டம் போட்டு ஐ.பி.ஓ.ஏ. என்ற சுதந்திரமான ஆணையமே வைத்திருக்கிறார்கள். நீதிபதிகளும் நிறைய இடங்களில் தைரியமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவர் தீர்ப்பை மதிக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்ட்டில் நைரோபிக்குப் பக்கத்திலுள்ள கிட்டெங்கேலாவில் அண்ணன் தம்பி இருவரையும் இன்னொரு செயற்பாட்டாளரையும் மஃப்டியில் வந்தவர்கள் தூக்கிப் போனார்கள். அவர்களை ஆஜர்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போது தற்காலிகப் போலீஸ் தலைவராக இருந்த கில்பர்ட் மாசெங்கெலி திரும்பத் திரும்ப அழைத்தும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. நீதிபதி லாரன்ஸ் முகாம்பி நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 6 மாதச் சிறை விதித்தார். அடுத்து நடந்தது என்ன தெரியுமா, அந்த நீதிபதிக்குக் கொடுத்திருந்த போலீஸ் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. போலீஸ் தலைவர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார், சிறைக்குப் போகவில்லை. பிடித்துப் போன மூவரும் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் வீடு திரும்பினார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே இதுதான் நிலைமை என்றால், பையனைக் காணோம் என்று காவல் நிலையத்து வாசலில் நிற்கிற ஒரு தாய் என்ன எதிர்பார்க்க முடியும்?

2024 ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் 82 பேர் கடத்தப்பட்டதாகக் கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் கணக்குச் சொன்னது. இது அரசியல் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கிடையாது. அதிபரைக் கேலிச்சித்திரமாக வரைந்து இணையத்தில் போட்ட பையன்களும் அதில் இருந்தார்கள். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜஸ்டின் முட்டூரியின் சொந்த மகனையே 2024 ஜூனில் பிடித்துப் போனார்கள். நேராக அதிபரைப் பார்த்து முறையிட்டு, அவர் உளவுத்துறைத் தலைவரிடம் போனில் பேசிய பிறகுதான் மகன் வெளியே வந்தான் என்று முட்டூரியே 2025 ஜனவரியில் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தார். அப்போது அமைச்சராக இருந்த அவருடைய பதவி 2025 மார்ச்சில் போனது. போனில் பேச அதிபர் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ.

முருகேசன் அண்ணே, தீ வைத்ததை நானும் நியாயப்படுத்த மாட்டேன், கடைக்காரரின் நஷ்டம் நஷ்டம்தான், கொள்ளையடித்தவனைப் பிடித்து வழக்குப் போடுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதல் சாவு நடந்தது 2024 ஜூன் 20 அன்று, நாடாளுமன்றம் பக்கத்தில் யாரும் தீப்பெட்டியோடு போவதற்கு 5 நாள் முன்னால். 2025 ஜூன் தொடக்கத்தில் ஒரு இளம் ஆசிரியர், இணையத்தில் எழுதுகிறவர், போலீஸ் துணைத் தலைவரைப் பற்றிப் பதிவு போட்டதற்காக ஹோமா பேயில் கைது செய்யப்பட்டு, நைரோபி மத்தியக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் பிணமானார். தானே தலையைச் சுவரில் மோதிக்கொண்டார் என்றது போலீஸ். பிரேதப் பரிசோதனையில் கழுத்து நெரிக்கப்பட்டதற்கான தடயமும் உடம்பு முழுக்கக் காயமும் இருந்தன. அந்த லாக்கப் மரணத்தைக் கண்டித்து ஜூன் 17 அன்று ஊர்வலம் போனபோது, தெருவில் முகக்கவசம் விற்றுக்கொண்டிருந்த ஒரு இளைஞனின் தலையில் ஒரு போலீஸ்காரர் கையெட்டும் தூரத்தில் நின்று சுட்டார். அவன் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. கேமரா அங்கே இருந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. அதே நாளில் மோட்டார் சைக்கிளில் சாட்டையும் தடியுமாக வந்த அடியாட்கள் ஊர்வலத்தில் புகுந்து அடித்தார்கள், போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது.

தண்டனை ஏன் இல்லை என்று கேட்டீர்கள். விசாரணைக்கு வேண்டிய சாட்சியம் முழுக்கப் போலீஸ் கையில். எந்தத் துப்பாக்கி யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை தோட்டா திரும்ப வந்தது, அன்றைக்கு யார் எங்கே பணியில் இருந்தார் என்ற பதிவேடுகளை அவர்கள் தர வேண்டும், தருவதில்லை அல்லது இழுத்தடிக்கிறார்கள். சுட்டவர் முகமூடி போட்டிருக்கிறார், வந்த காரின் நம்பர் பிளேட் போலி. சாட்சி சொல்லப் போகிறவர் அதே பேட்டையில்தான் குடியிருக்கிறார். 2017 தேர்தல் கலவரத்தின்போது கிசுமுவில் ஒரு 6 மாதக் குழந்தை போலீஸ் அடித்து இறந்தது. அதற்குப் பொறுப்பான அதிகாரிகள் மீது வழக்குத் தொடர ஒப்புதல் வரவே 2022 ஆகிவிட்டது, அப்புறமும் வாய்தாமேல் வாய்தா. இன்னும் பின்னால் போனால், 2007 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையை விசாரித்த வாக்கி ஆணையம் 1,133 சாவுகளைப் பதிவு செய்தது. அவற்றில் 405 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள். யாராவது மேலதிகாரி உள்ளே போனாரா என்றால் இல்லை. இப்படி ஒரு தலைமுறையே பார்த்துப் பழகியிருக்கும்போது, சுடுகிற கை எதற்குத் தயங்கும்?

கதிரவன்:

இளங்கோவன் சார், நந்தினி, ரொம்ப நன்றி. சம்பளப் பிடித்தம் பற்றி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எதிர்க்கட்சி விஷயத்தை யாராவது தொடுங்களேன். அப்புறம் ஜூலை 7-ஐச் சபா சபா என்று கொண்டாடுகிறார்களே, அந்தத் தேதிக்கு என்ன விசேஷம்?

நந்தினி, நைரோபி:

எதிர்க்கட்சி தூண்டுகிறது என்ற வாதம் 2024 ஜூலையிலேயே அடிபட்டுப் போனது. அந்த மாதம் ரூட்டோ கிட்டத்தட்ட மொத்த அமைச்சரவையையும் நீக்கினார், போலீஸ் தலைவர் ஜாஃபெட் கூமே ராஜினாமா செய்தார், கொஞ்ச நாளில் புதிய அமைச்சரவை வந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவின் கட்சிக்காரர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நிதி அமைச்சரே அந்தக் கட்சிதான், ஜான் ம்பாடி. செத்தவர்களுக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை, அதற்குள் நீங்கள் பதவி பங்கு போடுகிறீர்களா என்று இளைஞர்கள் ரைலா மேல் கோபப்பட்டதை நான் இங்கே கேட்டிருக்கிறேன். பதவி நீக்கப்பட்ட துணை அதிபர் கச்சாகுவா இப்போது எதிரணியில் இருக்கிறார், இந்தக் கூட்டத்தை ஓட்டாக மாற்றப் பார்க்கிறார், அதுவும் உண்மை. ஆனால் 2024 ஜூனில் அந்த ஆட்சியின் துணை அதிபராக இருந்தவரும் அவர்தானே, பிள்ளைகள் அதை மறக்கவில்லை.

சபா சபா என்றால் ஏழு ஏழு. 1990 ஜூலை 7 அன்று, அதிபர் டேனியல் மோய் காலத்தில், ஒரே கட்சி ஆட்சியை எதிர்த்து நைரோபியின் கமுகுஞ்சி மைதானத்தில் கூட்டம் போட அழைப்பு விடுத்தார்கள். அழைத்த கென்னத் மாட்டிபாவையும் சார்ல்ஸ் ரூபியாவையும் அதற்கு முன்பே சிறையில் போட்டார்கள், ஆனாலும் மக்கள் வந்தார்கள், போலீஸ் சுட்டது. அடுத்த வருஷம் டிசம்பரில் ஒரு கட்சி மட்டும்தான் என்ற பிரிவைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டி வந்தது. 1992-ல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் உஹூரு பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது சூழலியல் போராளி வங்காரி மாத்தாய் கூடவே இருந்தார், போலீஸ் அடித்ததில் அவர் மயங்கி விழுந்தார், அந்தத் தாய்மார்கள் பக்கத்திலிருந்த தேவாலயத்துக்குள் போய் மாதக்கணக்கில் போராட்டத்தைத் தொடர்ந்து பிள்ளைகளில் பெரும்பாலானோரை மீட்டார்கள். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, எதிர்ப்பது அவர்களுக்குப் புதிதாக யாரும் சொல்லிக்கொடுத்தது கிடையாது.

அந்த நாளின் நினைவாக 2025 ஜூலை 7 அன்று ஊர்வலம் அறிவித்தபோது நகரத்துக்குள் வரும் பிரதான சாலைகள் எல்லாவற்றையும் போலீஸ் அடைத்துவிட்டது. மத்திய நைரோபியில் கடைகள் திறக்கவில்லை, பஸ் ஓடவில்லை. அதனால் மோதல் புறநகர்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் போனது. கியாம்புவில் வீட்டுக்குள் இருந்த 12 வயதுச் சிறுமி மீது குண்டு பாய்ந்தது. மொத்தம் 38 பேர் என்றது மனித உரிமை ஆணையம், அதற்கு இரண்டு வாரத்துக்குள் முன்னால் ஜூன் 25 நினைவுநாளில் இறந்தவர்கள் குறைந்தது 16. ஜூன் 25 அன்று நேரலை காட்டக் கூடாது என்று தகவல் தொடர்பு ஆணையம் தடை போட்டு டிவி சானல்களின் ஒளிபரப்பை நிறுத்தியது, நீதிமன்றம் அன்றே தடையை நிறுத்தி வைத்தது. ஜூலை 9 அன்று, அடுத்தவர் கடைக்குத் தீ வைக்கிறவனைக் காலில் சுடுங்கள் என்று அதிபர் மேடையில் சொன்னார். காலில்தான் சுட்டார்களா என்று பிணவறையில் நின்ற குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

முருகேசன் சார், பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். பேச்சுவார்த்தையே தேவையில்லாத விஷயங்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். சுட்டவரின் பெயரைச் சொல்லுங்கள், வழக்குப் போடுங்கள், காணாமல் போனவர் எங்கே என்று சொல்லுங்கள், காயம்பட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுங்கள். நஷ்டஈடு கொடுப்பதற்காக 2025 ஆகஸ்ட்டில் அதிபர் ஒரு குழு அமைத்தார், அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது, சட்டப்படி மனித உரிமை ஆணையம் செய்ய வேண்டிய வேலையை அதிபர் மாளிகை எப்படிச் செய்யலாம் என்று. பணம் கொடுத்து வாயை அடைக்கிறார்கள் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள், வேறு சிலருக்கு அந்தப் பணம் உடனே தேவைப்படுகிறது, இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

முருகேசன்:

முதல் சாவு ஜூன் 20 என்பது எனக்குத் தெரியாது, நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததால்தான் சுட ஆரம்பித்தார்கள் என்று நினைத்திருந்தேன். கடைக்காரர்கள் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, அந்த நஷ்டஈட்டுக் குழுவில் அவர்களையும் சேர்த்திருக்க வேண்டும்.

இளங்கோவன்:

அதில் எனக்கும் உடன்பாடுதான் அண்ணே. கதிரவன், நீங்கள் தொடர்ந்து கவனிக்க நினைத்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். அந்த ஆசிரியரின் லாக்கப் மரணத்தில் காவல் நிலைய அதிகாரி உட்படச் சிலர் மீது கொலை வழக்கு நடக்கிறது, முகக்கவசம் விற்ற இளைஞனைச் சுட்டவர் மீதும் வழக்கு இருக்கிறது. இவை தீர்ப்பு வரைக்கும் போகின்றனவா என்று பாருங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு போராட்டக்காரர்கள் பலர் மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், அவற்றில் எத்தனை நிற்கின்றன என்று பாருங்கள். ரைலா ஒடிங்கா 2025 அக்டோபரில் இறந்தபோது அவர் உடலைப் பார்க்கக் கசரானி மைதானத்தில் கூடிய கூட்டத்தின் மேலும் சுட்டார்கள், அது போராட்டமே கிடையாது, துக்கத்துக்கு வந்த ஜனம். அதற்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2027 ஆகஸ்ட்டில் தேர்தல், அதற்குள் இதில் ஒன்றாவது முடிய வேண்டும்.